மேல் எது, கீழ் எது

கடலூர்த் துறைமுகத்திலிருந்து வாடகை விசைப்படகில் போய், கடலடிச் சரிவில் இரும்புக் குழாயை இறக்கி எடுத்த மண் அது. இரும்புக்கு உள்ளேயிருந்த பிளாஸ்டிக் குழாயில் ஓர் ஆள் உயரத்துக்கு நிறைந்திருந்தது. மேல் முனைக்குச் சிவப்பு மூடி, கீழ் முனைக்குக் கறுப்பு மூடி, பக்கவாட்டில் மேல்நோக்கி ஓர் அம்பு: இதுதான் எங்கள் வழக்கம். நானோ வாந்தியெடுத்தே பாதி உயிர் போன நிலையில் இரண்டு முனைக்கும் கறுப்பையே மாட்டியிருந்தேன். அம்பும் போடவில்லை. வேனில் ஏற்றியவர்கள் எந்தப் பக்கம் திருப்பினார்களோ தெரியாது. மறுநாள் காலை சிதம்பரத்தில் ஆய்வுக்கூட மேசைமேல் வைத்தபோதுதான் இரண்டு மூடியும் கறுப்பாக இருப்பதைக் கவனித்தேன்.

வெள்ளக் காலத்தில் ஆறு கொண்டுவந்து குவிக்கும் மணல், கடலுக்கடியில் சரிவின் விளிம்பில் திடீரென்று சரியும். சேற்று நீராகிப் பள்ளத்தை நோக்கிப் பாயும். ஓட்டம் அடங்கும்போது பருமணல் முதலில் படியும், நைசான சேறு கடைசியில். அப்படி ஓர் ஓட்டம் அங்கே நடந்ததா என்பதுதான் என் ஆய்வு. பொங்கலுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மழை தொடங்கிவிட்டதால் இன்னொரு முறை கடலுக்குப் போக வழியில்லை.

குழாயை நீளவாக்கில் அறுத்தேன். ஒரு முனையில் பருமணல், மறுமுனைக்குப் போகப் போகச் சேறு. மணல் பக்கம் கீழ் என்றால் என் ஆய்வு முடிந்தது. மேல் என்றால் கதையே வேறு. மார்க்கரை எடுத்துச் சேற்றுப் பக்கம் நோக்கி அம்பு போட்டேன். விடையை எழுதிவிட்டுக் கேள்வி கேட்கிற வேலை என்று தெரிந்தேதான் போட்டேன்.

பத்து மணிக்கு என் வழிகாட்டிப் பேராசிரியர் வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, யாரும் கேட்காமலே நான் அம்பைப் படகிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் போகும்வரைதான் தாங்க முடிந்தது.

"சார், எது மேலன்னு எனக்குத் தெரியாது. அம்பு இன்னிக்குக் காலையிலதான் போட்டேன்."

அவர் பேனாவை மூடினார். திட்டியிருந்தால் தேவலை.

"மூணு வருஷமா நீ சொன்ன எதையும் நான் ரெண்டாவது தடவ பாத்ததில்லம்மா. இனிமே பாக்கணும்."

ஆய்வேடு அந்தப் பொங்கலுக்குப் போகவில்லை. அதைவிட வலித்தது வேறு. அன்று மதியமே அவர் என் பழைய குழாய்களை ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து இறக்க ஆரம்பித்தார். நானும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன்.