கோப்பையை ஆட்டாத காக்கா

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் இருந்தபோது எங்கள் தெரு முருகேசன் போன் செய்தான். "அண்ணே, நம்ம காக்கா போயிட்டாருண்ணே" என்றான். துணி வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்.

இந்த வளைகுடா நாட்டில், குதைபியாவில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த ஹமீது காக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் ஊரான கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் தெருவுக்கே அவர் காக்காதான். சொன்ன நாளில் பேண்ட் தைத்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் சாக்கடை பொங்கினாலும் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தாலும் எல்லோரும் அவரிடம்தான் போய் நின்றோம்.

எங்கள் பகுதியின் அரபி கவுன்சிலர் வாரந்தோறும் தன் வீட்டு வரவேற்புக் கூடமான மஜ்லிஸில் மக்களைச் சந்திப்பார். யாரும் போகலாம், நம்மவர்கள்தான் போக மாட்டார்கள். ஓட்டு இல்லாத ஊரில் நமக்கென்ன கவுன்சிலர் என்று நானே கிண்டல் செய்தேன். "ஓட்டு இல்லாட்டி என்ன தம்பி, சாக்கடை நம்ம வாசல்லதானே ஓடுது" என்றார் காக்கா.

முதல் தடவை போனபோது அவருக்கு அங்குள்ள வழக்கம் தெரியாது. அவர்கள் ஊற்றித் தரும் அரபிக் காப்பி, கஹ்வா, போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, மனிதர் வயிறு கலங்கும்வரை குடித்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் இவர் குடித்துக்கொண்டே இருக்க, கவுன்சிலரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்டாராம். பிறகு வழக்கம் தெரிந்தும், பதில் கிடைக்கும்வரை காக்கா கோப்பையை ஆட்டியதே இல்லை.

போன கோடையில் முருகேசனும் அவன் கூட்டாளிகளும் குடியிருந்த பழைய கட்டடத்தில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. குடும்பங்கள் வசிக்கும் இடத்தில் பேச்சிலர்கள் இருக்கக் கூடாது, காலி செய்யாவிட்டால் கரண்ட் கட். பகலெல்லாம் சைட்டில் வெந்துவிட்டு வருகிறவர்கள். ஏசி இல்லாத அறையில் எப்படிப் படுப்பார்கள்? காக்கா முருகேசனையும் என்னையும் இழுத்துக்கொண்டு மஜ்லிஸுக்குப் போனார். கவுன்சிலர் "மாஃபி" என்று கையை விரித்துவிட்டார். சட்டத்தில் இடமில்லையாம். காக்கா வாதாடவில்லை. முருகேசனைக் காட்டி, தனக்குத் தெரிந்த அரபியில், "இவங்களப் போகச் சொல்றீங்க, சரி. எங்க போறதுன்னும் சொல்லிருங்க" என்றார். பிறகு கோப்பையை நீட்டினார். ஊற்றினார்கள். குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். கடைசியில் கவுன்சிலர் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார்.

கட்டடம் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் வெயில் தணிந்து எல்லாருக்கும் வேறு அறை கிடைக்கும்வரை யாரும் கரண்டை வெட்டவில்லை. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று நான் சலித்துக்கொண்டேன். "வெயில்ல ஒருத்தரும் தெருவுல நிக்கலயே தம்பி, அது போதும்" என்றார் காக்கா.

அடக்கத்துக்குக் கவுன்சிலரும் வந்திருந்தார். மண் அள்ளிப் போட்டுவிட்டு எங்களிடம் வந்து, இனி உங்கள் தெருவுக்காக யார் வருவார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். முருகேசன் என்னைப் பார்த்தான். எனக்கு அரபி அரைகுறை, கூச்சம் வேறு. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காக்கா எனக்கு விட்டுப்போனது அந்த மஜ்லிஸில் வாசலை ஒட்டி அவர் வழக்கமாக உட்காரும் இடம். ஓட்டில்லாத எங்கள் தெருவுக்கு இந்த ஊரில் இருப்பது அது ஒன்றுதான். அதை நான் காலி செய்வதாக இல்லை.