கடிதங்கள் காத்திருந்த அலுமாரி

நூலகர் பரீதா நமது நூலகத்தைத் தபால் கந்தோர் ஆக்கிவிட்டார் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவருடைய மரண வீட்டு வாசலிலேயே இருவர் அப்படிப் பேசியது என் காதில் விழுந்தது. அது பிழை. தபால் கந்தோர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். காலஞ்சென்ற என் கணவர் அருளானந்தம் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் கடைசியாக இவ்வூரிலும் தபாலதிபராக இருந்தவர். தபால் கந்தோரில் கடிதம் நெடுநாள் தங்காது. ஆளைக் காணவில்லை என்றால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பரீதாவிடம் வந்த கடிதமோ ஆள் வரும்வரை இருந்தது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

செய்தியை எனக்குச் சொன்னவர் சந்தியில் புடவைக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி. "மிஸிஸ், ராத்தா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறோம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அக்காவை இழந்த அந்த மனிதர் நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய வழக்கப்படி அடக்கத்துக்காகப் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆகவே ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியபின், நான் அந்த வீட்டுப் பெண்களோடு உள்ளேயே இருந்தேன். அழுதேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

வாசகர் வட்டத்தின் பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். பரீதா பொறுப்பேற்ற நாட்களில் நமது நூலகத்துக்கு வந்தவர்கள் ஓய்வூதியக்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கியவர்கள், அவ்வளவுதான். பதுளை பஸ் நம் வாசலில்தான் நிற்கும். தேயிலைத் தோட்டத்துச் சனம் இறங்கிச் சந்தைக்குப் போகும், திரும்பி வந்து பஸ் ஏறும், நமது படியில் மட்டும் ஏறாது. அவர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பரீதா மட்டும், "கேட்டுப் பாத்தீங்களா சேர்?" என்றார். அன்றிலிருந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று கேட்கத் தொடங்கினார்.

அப்படி வந்தவர்தான் லெட்சுமி. கொழுந்து எடுப்பவர். உயர்தரம் சித்தியடைந்த மகள் தர்ஷினியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அங்கத்தவர் படிவத்தில் நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது. வீட்டு இலக்கம் என்ன என்று பரீதா கேட்டார்.

"நம்பர் இல்லீங்க மிஸ். கீழ் லயத்துல நாலாவது காம்பரா."

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து அறைக்கு வரும் கடிதம் அறைக்கு வராது. தோட்டக் கந்தோருக்குப் போகும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நின்றால் கிடைக்கும், யாராவது நினைவாகக் கூப்பிட்டால். முந்திய ஆண்டு, கல்வியியற் கல்லூரியின் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்துத் தர்ஷினிக்கு வந்த கடிதம் அவள் கைக்குக் கிடைத்தபோது பரீட்சைத் திகதி போய்விட்டிருந்தது. லெட்சுமி அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கேள்வியாகக் கேட்டார்: "அடுத்த வருசத்துக் காயிதம் இங்கன வரட்டுங்களா மிஸ்?"

பரீதா படிவத்தை இழுத்து, விலாசக் கட்டத்தில் நூலகத்தின் விலாசத்தையே எழுதினார். பக்கத்து மேசையிலிருந்த நான் சும்மா இருக்கவில்லை. "பரீதா, நீர் படிவத்தில் பொய் எழுதுறீர். அந்தப் பிள்ளை இங்கேயா படுக்கிறது?" என்றேன்.

"விலாசம்னா படுக்கிற எடம் இல்ல மிஸிஸ் அருளானந்தம். தேடினா ஆள் கெடைக்கிற எடம்" என்றார். எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்.

எல்லா விண்ணப்பங்களிலும் போடச் சொல்லி ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த விலாசம் பல குடும்பங்களுக்குப் பரவியது. அடையாள அட்டை, கிளினிக் திகதி, சேமலாப நிதி, பரீட்சைப் பெறுபேறு, எல்லாம் நூலகத்துக்கு வரத் தொடங்கின. அப்போதுதான் பரீதா என் வீட்டுக்கு வந்தார். நோன்பு காலம், ஒரு வாய்த் தேநீர்கூடக் கொடுக்க முடியவில்லை. என் கணவரின் நினைவாக நான் நூலகத்துக்குக் கொடுத்த கண்ணாடி அலுமாரியைக் கடிதங்களுக்காகக் கேட்டார். அதில் அவருடைய ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. மேலே பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருந்தது. நான் முடியாது என்றேன். ஒரு மேசை இழுப்பறை போதாதா என்றும் கேட்டேன்.

போதாது என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்தவர், கூட்டத்தின் நடுவே நின்று எனக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், நூலகர் இல்லை என்று சொல்ல வேண்டும், அதை எல்லோரும் கேட்க வேண்டும். "அந்த 'இல்ல'ய நான் ஏன் வாயால சொல்லணும் மிஸிஸ்? கண்ணாடின்னா அவங்களே பாத்துட்டுப் போவாங்க. புத்தகம் பாக்க வந்த மாதிரி இருக்கும்."

என் கணவர் பல மாலைகளில் முகம் சோர்ந்து வீடு திரும்புவார். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருக்க, விலாசதாரரைக் காணவில்லை என்று கடிதங்களைத் திருப்பி அனுப்பிய நாட்கள் அவை. அதைப் பரீதாவிடம் நான் சொல்லவில்லை. தகட்டைக் கிழமைக்கொரு முறை துலக்க வேண்டும், புத்தகங்களைப் பெட்டியில் போடாமல் ஒழுங்காக அடுக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அலுமாரியைக் கொடுத்தேன். புத்தகங்களுக்கு வேறு இடம் பார்த்திருக்கலாம் என்பது இன்றும் என் கருத்து. ஈரச் சுவரோடு அவற்றை வைத்திருக்கக் கூடாது. ஆனால் தகட்டை அவர் தம் கையாலேயே பழப்புளி போட்டுத் துலக்கினார். ஒரு கிழமையும் தவறவில்லை.

கடிதங்களை விலாசம் தெரியும்படி கண்ணாடியோடு சாய்த்து வைப்பார். அலுமாரிக்குப் பக்கத்தில் சஞ்சிகைகள், அதற்கடுத்து சமையலும் கைவைத்தியமும், பிறகு கதைகள். கடிதம் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் செருப்புக்கு இடமில்லாமல் போயிற்று. செருப்பைக் கழற்றத் தேவையில்லை என்று பரீதா சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். சிங்களத்தில் வரும் கடிதங்களை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. பரீதாவே கதிரையைப் போட்டு, "மிஸிஸ் உள்ள இருக்காங்க, போங்க" என்று ஆட்களை அனுப்பிவிட்டார்.

நையாண்டியும் இருந்தது. ஓய்வுபெற்ற கனவான் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "மிஸ், ரெண்டு முத்திரை குடுங்க" என்று கையை நீட்டினார். பரீதா நிமிர்ந்து பார்த்தார். "முத்திரை இல்ல சேர். நீங்க கொண்டு போன புத்தகத்தக் கேட்டு உங்களுக்கே ஒரு காயிதம் போட வேண்டியிருக்கு. அதுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க." மறுநாள் புத்தகம் வந்துவிட்டது. அவரை இங்கே பெயர் சொல்ல மாட்டேன். மரண வீட்டில் பேசிய இருவரில் அவரும் ஒருவர்.

அடுத்த ஆண்டு தர்ஷினியின் கடிதம் நூலகத்துக்கு வந்தது. உரிய நாளில் அவள் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். சில மாதங்களின் பின் முடிவும் வந்தது. உள்ளறையில் லெட்சுமிக்கு நான்தான் வாசித்தேன். தெரிவு செய்யப்படவில்லை. லெட்சுமி கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

"பரவால்லீங்க அம்மா. போன வருசம் இல்லைன்னுகூட ஒருத்தரும் சொல்லலீங்க."

வாசலில் நின்ற பரீதா அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலை தகட்டைத் துலக்கும்போது, "இல்லைன்னாலும் கையில வரணும் மிஸிஸ். கையில இருந்தா அடுத்தது என்னன்னு யோசிக்கலாம்" என்றார். தர்ஷினி இப்போது தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பிள்ளைகளுக்கு வாசிக்கப் புத்தகம் நமது நூலகத்திலிருந்துதான் போகிறது.

நோய் முற்றிப் படுக்கையில் இருந்தபோது கடைசியாக அவரைப் பார்த்தேன். கை மெலிந்து, குரல் இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் நலம் விசாரிக்கவில்லை. "கண்ணாடி தொடைச்சாங்களா?" என்று கேட்டார். துடைத்தார்கள் என்றேன். தலையணைக்குக் கீழிருந்து அலுமாரிப் பூட்டின் இரண்டாவது திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் போய் ஒரு மாதம் ஆகவில்லை. இப்போது அந்தக் கண்ணாடிக்கு உள்ளே பழுப்புத்தாள் ஒட்டிக் கந்தோர்க் கோப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். இருந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பியாயிற்று, இனி வருபவற்றையும் ஏற்க வேண்டாம் என்பது பிரதேச சபையின் உத்தரவாம். சென்ற ஞாயிறு லெட்சுமி வந்தார். அவருக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது, மற்றதும் மங்குகிறது. சத்திரசிகிச்சைத் திகதியை அறிவிக்கும் கடிதம் எந்த நாளும் வரலாம். வைத்தியசாலையில் அவர் கொடுத்திருப்பது நூலகத்தின் விலாசம். தாள் ஒட்டிய கண்ணாடிக்கு முன்னால் சிறிது நேரம் நின்றார். தம் கண்தான் தெரியவில்லை என்று நினைத்து இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். நான் எழுந்து போய் விஷயத்தைச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

சபைக் கந்தோருக்குப் போய்க் கேட்டேன். "பார்ப்போம் அம்மா" என்றார்கள்.

பரீதாவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தத் திறப்பும், விலாசம் என்றால் என்ன என்று அவர் சொன்ன ஒரு வாக்கியமும். இரண்டையும் சும்மா வைத்திருக்கும் எண்ணம் எனக்கில்லை.

பிரதேச சபைச் செயலாளர் அவர்களுக்கு: தோட்டத்து மக்களின் கடிதங்களை நூலகம் முன்போல ஏற்று வைத்திருக்குமா? வைக்காது என்றால், என் கணவரின் அலுமாரியை என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முன் விறாந்தையில் இடம் ஒதுக்கிவிட்டேன். என் வாசல் படலையில் வீட்டு இலக்கம் இருக்கிறது. லெட்சுமியும் மற்றவர்களும் அந்த விலாசத்தை எழுதிக்கொள்ளலாம். 'பார்ப்போம்' என்பதை நான் பதிலாக ஏற்கவில்லை. ஆம் என்றாலும் இல்லை என்றாலும், தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.