இலையோடு வந்த மல்கோவா

லண்டனில் பழத்தை முகர்ந்து பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடையில் ஒரு மாம்பழத்தை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா, மயக்கமா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். மயக்கம்தான் தாயே, ஊர் மயக்கம். அதை எந்த இங்கிலீஷில் சொல்வது?

எண்பதுகளின் நடுவில் இங்கே ஒரு பழக் கிடங்கில் வேலை. பாப்பிரெட்டிப்பட்டியில் அண்ணனுக்கு மாந்தோப்பு. முதலாளியை நச்சரித்து ஐம்பது பெட்டி மல்கோவாவுக்குச் சம்மதிக்க வைத்தேன். அது தேறினால் வருஷா வருஷம் சரக்கு. நான் ஊரிலேயே இருந்து வாங்கி அனுப்பலாம் என்று பேச்சு. பரண்மேல் இருந்த சூட்கேஸைக்கூட இறக்கி வைத்துவிட்டேன். அண்ணன் டிரங்க் காலில் கத்தினார்: "காம்போட ரெண்டு இலையும் வெச்சிருக்கறேன் தம்பி. அன்னைக்குப் பறிச்சதுன்னு அவுங்களுக்கும் தெரியட்டும்!"

"சரிங்கண்ணா," என்றேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மாங்காய் வாங்குகிறவர்கள் முதலில் இலையைத்தான் கிள்ளிப் பார்ப்பார்கள். கிடங்கில் ஒருநாளும் இலையோடு மாம்பழம் பார்த்ததில்லையே என்பது எனக்கு உறைக்கவில்லை.

விமான நிலையத்தில் அதிகாரி இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் வெள்ளையாய்ப் பூச்சி. பழத்தில் குறையில்லை, ஆனால் இலை நாட்டுக்குள் வரக் கூடாது என்றார். மெட்ராஸில் சோதித்தவர்கள் கண்ணுக்கு இலை வெறும் இலையாகத்தான் பட்டிருக்கும். "இலை இருந்தால்தானே சார் நல்ல பழம்?" என்று கெஞ்சினேன். "அப்படியானால் தெரிந்தே வைத்தீர்களா?" என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார். இலையைக் கிள்ளிப் போட்டுவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது பெட்டியும் எரிப்பதற்குப் போயின. முதலாளி அதோடு இந்தியச் சரக்கே வேண்டாம் என்றுவிட்டார். சூட்கேஸ் பரணுக்கு ஏறியது.

இரண்டு வருஷம் கழித்து லீவில் போனபோது, தருமபுரியில் அண்ணன் போட்டிருந்த மாங்காய்க் குவியலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா குனிந்து பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போனார்.

"அட, என்னடா தம்பி பண்ணிப்புட்ட? நேத்துக் காயின்னு நெனைச்சுட்டுப் போறாங்க பாரு!"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் முன்னால் மாங்காய்கள் மொட்டையாகக் கிடந்தன. மடி நிறைய நான் கிள்ளிய இலைகள், காம்பில் இன்னும் பால் வடிந்துகொண்டிருந்தது.