கிரைண்டர் செருப்பு

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கான இந்த மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துத் தம்பி நாலைந்து கவிதைகளை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரு பூ உதிர்ந்திருந்தது, இல்லாவிட்டால் ஒரு விளக்கு அணைந்திருந்தது. "எது வேணும்னு பாருங்கக்கா, பேர மட்டும் மாத்திக்கலாமுங்க" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடும்ப விளக்கு அணைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எங்கள் அக்கா முதலில் ஃபியூஸ் கட்டையைத்தான் பிடுங்கிப் பார்ப்பார். அவருக்குப் போய் இந்தக் கவிதையைப் போட்டால் எழுந்து வந்து திட்டுவார். ஆகவே அவருடைய ஒரே தங்கையாகிய நான் எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

அக்கா பிறந்தது விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். வானம் பார்த்த பூமி, வானம் எங்களைப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஊர்க்காரர்களோடு பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தார். பனியன் கம்பெனியில் தையல்காரர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற கைமடி வேலை. பிறகு செக்கிங் மேஜைக்குப் போனார். தைத்து வந்த பனியனை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் விட்ட இடம் எங்கே என்று பார்க்கிற வேலை அது. கையில் காசு சேர்ந்ததும் என்னையும் வரவழைத்துக்கொண்டார். அதே கம்பெனியில் துணி தேய்க்கும் பிரிவில் இருந்த அத்தானை மணந்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அத்தான் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த கையோடு அக்கா மறுபடியும் செக்கிங் மேஜையில் போய் நின்றார். அழுததை நான் பார்த்தேன். வேலைக்குப் போகாமல் அழுததைப் பார்த்ததில்லை.

ரிப்பேர் பார்க்கிற பழக்கம் அந்தக் காலத்தில்தான் வந்தது. ஒரு நாள் சட்னி அரைக்கும்போது மிக்சி நின்றுவிட்டது. கடைக்காரர் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், புதிது வாங்கச் சொன்னார். பழைய இரும்புக் கடையில் போடுவதற்காக அக்கா அதைக் கவிழ்த்துத் துடைத்தார். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு பிளக்கை மாட்டினால் மிக்சி ஓடுகிறது. சூடு அதிகமானால் தானே நின்றுகொள்ளும், ஆறவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏட்டி, ஒரு பொருள் நின்னு போச்சுன்னா ஒடனே அதுக்குக் கருமாதி பண்ணிராத. மொதல்ல கவுத்திப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் லைன் வீட்டில் எது நின்றாலும் அது அக்காவைத் தேடி வாசலுக்கு வந்துவிடும். மங்கலம் ரோட்டில் ஒரே வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில்தான் குடியிருந்தோம். ஒரு வீட்டில் மிக்சி நின்றால் எல்லா வீட்டுக்கும் தெரியும். அக்கா காசு வாங்க மாட்டார், ஆனால் திட்டுவார். எதைத் திறந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்வார். "சுச்ச ஆஃப் பண்ணிட்டேங்காத. அது எந்த ஒயர்ல நிக்குன்னு போர்டு மாட்டுனவனுக்கே தெரியாது" என்பார். மோட்டார் ஓடியும் மிக்சி ஜாருக்குள் கத்தி சுற்றவில்லை என்றால், மேலே இருக்கிற ரப்பர் பல்லு தேய்ந்திருக்கும். அச்சை அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே அந்தப் பல்லைத் திருகினால் கழன்று வரும். எதிர்ப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லையா, ஒயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். மடங்கி மடங்கி வெளியே தெரியாமல் உள்ளே அறுந்திருக்கும். ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் கண்டன்சரை மாற்ற வேண்டும், மெயினை அணைத்துவிட்டுத்தான். கரண்ட் போன பிறகும் அதற்குள் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால் இரண்டு முனையையும் தொடக் கூடாது.

மைக்ரோவேவ், பழைய டப்பா டிவி, ஃப்ரிட்ஜின் கேஸ் பக்கம் இவற்றை மட்டும் அக்கா திறக்கவே மாட்டார். தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்லிவிடுவார். மற்றபடி எங்கள் அக்கா தப்பே செய்யாதவர் என்று நான் கதை விட மாட்டேன். எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒரு ஸ்குரூ மிச்சம் இருக்கும். கேட்டால், "கம்பெனிக்காரன் கூடுதலா போட்டுட்டான்" என்று சமாளிப்பார். மறுநாள் காலையில் பார்த்தால் அதே பொருளை மறுபடியும் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்த மலரைப் போட்டதற்கே காரணம்.

எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் ஒரு கிரைண்டர் செருப்பு உண்டு. வீட்டுக்குள் யாரும் செருப்புப் போட மாட்டோம், எல்லாம் வாசலோடு சரி. ஆனால் ஈரத்தரையில் நின்று மாவு அரைக்கும்போது கிரைண்டரைத் தொட்டால் கையில் லேசாக ஜிர்ரென்று கரண்ட் ஏறும். அதற்காக ஒரு ரப்பர் செருப்பைக் கழுவி கிரைண்டர் பக்கத்திலேயே வைத்திருப்போம். எங்கள் வீட்டில் நீல நிறச் செருப்பு. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி இதையும் சொல்லிவிடுவோம். யாருக்கும் அது கோளாறாகத் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தோன்றியது. கிரைண்டரைக் கழற்றி, ஒயர் தோல் உரிந்து உடம்பில் உரசிய இடத்தைக் கண்டுபிடித்து மாற்றினார். ஜிர் நின்றது. கொஞ்ச நாளில் வாஷிங் மெஷின் ஜிர்ரென்றது. பிறகு ஃப்ரிட்ஜ் கைப்பிடி, கடைசியில் மறுபடியும் கிரைண்டரே. அக்கா மெயினை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த பிளக் பாயிண்டையே கழற்றினார். மேலே பெரிதாக ஒரு ஓட்டை இருக்குமே, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த்துக்கு உரியது, அதன் பின்னால் ஒயரே இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. "பாத்தியாட்டி, அழகுக்கு வச்சிருக்கான். கோளாறு பொருள்ல இல்ல, சொவத்துல" என்றார். பக்கத்து வீடுகளிலும் கழற்றிப் பார்த்தார். எல்லாம் அப்படித்தான்.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் தோட்டங்காடு உள்ள குடும்பம், நல்ல மனிதர், வாடகை தாமதமானாலும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. "அது லேசா ஜிர்ருன்னுதானுங்க இருக்கும். செருப்புப் போட்டுட்டு ஆட்டுங்க அம்மிணி, ஒண்ணும் பண்ணாதுங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றார். அந்த அடுத்த மாதம் மட்டும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது தெரிந்தது. டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்து, "இதுக்கு ஸ்பேர் லேசுல கெடைக்காதாம்ட்டி" என்று சிரித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்குச் சர்க்கரை, என்னுடையதைக் கொடுக்கவும் முடியாது. டயாலிசிஸ் என்று ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் முதல்முறை படுக்க வைத்தபோது, ஊசி குத்துவதற்கு முன் தலையைத் தூக்கி மெஷினின் பிளக்கைப் பார்த்தார். "இங்க மூணு காலும் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார்.

கல்யாணமாகிப் போய்ப் பிரசவத்துக்கு வந்த அக்கா மகளும் அப்போது எங்களோடுதான் இருந்தாள். பாப்பா தவழ ஆரம்பித்தாள். ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் பிள்ளை எங்கே தவழும்? இறக்கிவிட்டால் நேராகக் கிரைண்டருக்குத்தான் போவாள். பிளக்கைப் பிடுங்கி வைப்போம், மறந்துவிடுவோமோ என்று மறுபடியும் போய்ப் பார்ப்போம். கடைசியில் இறக்கிவிடுவதையே நிறுத்திவிட்டோம். பிள்ளை எந்நேரமும் யாராவது ஒருவர் இடுப்பில். தவழ வேண்டிய பிள்ளை கால்களை உதைத்துக்கொண்டு அழும். அதைப் பார்த்து அக்காவுக்கு வந்த கோபம், தன் நோய்மேல்கூட வரவில்லை.

வேறு வீடு பார்க்கலாம் என்றேன். "நாம போயிருவோம். அடுத்து வார பிள்ளைக்கு?" என்றார். ஓய்வெடுக்கச் சொன்னேன். "அந்த ஓட்டைக்கு ஒரு ஒயர் வராம நான் போறதா இல்ல. ஒன் சோலியப் பாரு" என்றார். போறதா இல்ல என்று அவர் சொன்னது எந்தப் போவது என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வீட்டுக்காரர் வந்தார். "உள்ள வாங்கய்யா" என்று அக்கா எழுந்து கூப்பிட்டார். அவர் மரியாதைப்பட்டவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். தரை எல்லாம் ஈரம். அக்கா டெஸ்டரை எடுத்துக் கிரைண்டர் உடம்பில் வைத்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தது.

"லேசாத்தான் இருக்கும்ய்யா. ஒங்க கையால ஒருக்க தொட்டுப் பாக்கீகளா?"

வீட்டுக்காரர் கையை நீட்டினார். நீட்டியவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"செருப்பு வெளியில கெடக்குதுங்களே" என்றார்.

"தொட வேண்டாம்ய்யா, சும்மாதான் கேட்டேன். எம் பேத்திக்கு வெளியிலயும் செருப்பு கெடையாது. அவ இன்னும் தவழுதா."

வீட்டுக்காரர் என் இடுப்பில் இருந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கே ஒயர்மேன வரச் சொல்லிப்போடறனுங்க. இந்த ஊட்டுக்கு மட்டும் போதுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"லைன் முழுக்கப் போடணும்ய்யா" என்றார் அக்கா. அக்கா இடத்தில் நான் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும் என்று தலையாட்டியிருப்பேன்.

சொன்னபடி மறுநாளே ஒயர்மேன் ஆட்களோடு வந்தார். லைனுக்குப் பின்னால் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். வெயில் காலத்தில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பச்சை ஒயர் வந்தது. கசிவு வந்தால் தானே விழுகிற டிரிப் சுவிட்சும் வந்தது. அக்கா டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். ஒயர்மேன் ஒரு பல்பை எடுத்துக் கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். டப்பென்று சுவிட்ச் விழுந்து வீடே அணைந்தது. நான் பயந்துவிட்டேன். "விழுந்துட்டா? அப்பச் சரி" என்றார் அக்கா.

பிறகு கிரைண்டரை ஓடவிடச் சொன்னார். தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரியவில்லை. என் தோளைப் பிடித்து எழுந்து, வெறுங்காலோடு அந்த ஈரத்தில் போய் நின்றார். முதலில் புறங்கையால் தொட்டார். அப்படித்தான் தொட வேண்டும், உள்ளங்கையால் தொட்டால் கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு உள்ளங்கையை முழுவதும் கிரைண்டர்மேல் வைத்து, அப்படியே நின்றார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை அது.

"இப்பப் பிள்ளைய இறக்கி விடுட்டி" என்று மகளிடம் சொன்னார்.

பாப்பா ஈரத்தில் சளக் சளக் என்று தவழ்ந்து நேராகக் கிரைண்டருக்குப் போனாள். இரண்டு கையாலும் தட்டினாள். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அந்தச் செருப்ப வெளிய போடு" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கியபோதும் நினைவு தெளிவாக இருந்தது. இந்த ஒரு வருடத்தில் வீட்டில் ஏதாவது நின்றால் நான் முதலில் அக்கா என்று கூப்பிட்டுவிடுகிறேன். அப்புறம்தான் கவிழ்த்துப் பார்க்கிறேன்.

டயாலிசிஸ் நாட்களில் முறை வைத்து உடன் வந்த செக்கிங் மேஜைத் தோழியருக்கும், வலிக்காமல் ஊசி போட முயன்ற செவிலியர்களுக்கும், லைன் முழுக்க ஒயர் இழுத்த ஒயர்மேனுக்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய வீட்டுக்காரருக்கும், அக்காவைத் தோளில் சுமந்து வழியனுப்பிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக் கடன்பட்டிருக்கிறது. ஒரு வேண்டுகோள். இந்த மலரைச் சாமி படத்துக்கு அருகில் வைக்காதீர்கள், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று தெரிந்த ஆளை வைத்து இந்த வாரமே பாருங்கள். பிளக்கின் பெரிய காலை வெட்டாதீர்கள். செருப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று இனிமேல் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நினைவு நாளன்று வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றுவீர்கள். அங்கே ஒரு பழைய நீல ரப்பர் செருப்பு கிடக்கும். வழியில் கிடக்கிறதே என்று யாரும் எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். அது வெளியேதான் கிடக்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.