வெளியேற்றப் படிவத்தில் என் பெயர்

பள்ளிகளுக்கிடையிலான வலைப்பந்து லீக்கின் ஒழுங்குக் குழுவுக்கு நான் சில ஆண்டுகள் தலைமை வகித்தேன். பார்வையாளர் நடத்தை பற்றிய விதியின் வாசகம் முழுவதும் என்னுடையது. நடுவரை ஏசும் பார்வையாளரை, அவர் ஆதரிக்கும் அணியின் தலைவியே நேரில் வந்து வெளியேறச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடங்களில் அவர் போகாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. ஆட்டம் முடிந்தபின் அவருடைய பெயரைத் தலைவி படிவத்தில் எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வேறு யார் சொன்னாலும் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், தங்கள் பிள்ளை வந்து நின்றால் எழுந்து போவார்கள் என்று நான் வாதிட்டேன். அந்தப் படிவங்களைப் படித்து, கல்லூரியில் பாடம் நடத்திய அதே குரலில் பலருக்குக் கண்டனக் கடிதம் எழுதி, பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டுக் கையொப்பமும் இட்டிருக்கிறேன்.

குழுவிலிருந்து நான் விலகிய பிறகு என் பேத்தி அவளுடைய பள்ளி அணியின் தலைவியானாள். சுவா சூ காங் திடலில் ஒரு சனிக்கிழமை காலை ஆட்டம். வென்றால் அரையிறுதி. ஆங் மோ கியோ வீட்டிலிருந்து நானும் என் மனைவியும் எம்ஆர்டி ரயிலில் போய், முன்வரிசையில் அமர்ந்தோம்.

கடைசிப் பகுதியில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. பேத்தி பந்தைப் பிடித்துத் திரும்பினாள். நடுவர் விசில் ஊதி, பந்து கையில் இருக்கும்போது ஊன்றிய காலை நகர்த்திவிட்டாள், காலடிப் பிசகு என்று பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். நடுவர் முக்காடு அணிந்த இளம்பெண். மலாய்க்காரர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தமிழ் புரியாது என்ற துணிச்சலில் எழுந்து நின்று தமிழில் கத்தினேன்.

“கண்ணு தெரியலைன்னா விசிலைக் கீழ வச்சிட்டுப் போம்மா!”

அவர் ஆட்டத்தை நிறுத்தினார். நேரே என்னைப் பார்த்தார்.

“கண்ணு நல்லாவே தெரியுது, ஐயா. நீங்க நிக்கிறதும் தெரியுது,” என்றார், அழகான தமிழில்.

பிறகு பேத்தியைக் கைகாட்டி அழைத்தார். அவள் என்னிடம் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

“தாத்தா, நீங்க வெளிய போகணும். ப்ளீஸ். ரெண்டு நிமிஷம்தான் இருக்கு.”

“அது காலடிப் பிசகே இல்லை.”

“பிசகுதான் தாத்தா. எனக்கே தெரியும். போங்க லா.”

என் மனைவி முழங்கையால் இடித்தாள். “உங்க சட்டம்தானே? எந்திரிங்க.”

நான் எழுந்தேன். அத்தனை பெற்றோரும் பார்க்க, வேலிக்கு வெளியே போய் நடைபாதையில் நின்றேன். அங்கிருந்து திடல் தெரியாது. விசில் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெரிய ஆரவாரம், எந்த அணியுடையது என்று தெரியாமல் சிறிது நேரம் தவித்தேன். என் மனைவி வாசலில் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

நடுவரும் பேத்தியும் படிவத்தோடு வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். நடுவர் சிரித்தார்.

“என் வாப்பாவும் டிவி முன்னாடி இப்படித்தான் கத்துவாங்க. பெரியவங்க, உடனே போயிட்டீங்க. பேர் எழுதாம விட்டுடலாம், ஐயா.”

குழுவில் இன்னும் என் பழைய நண்பர்கள் இருக்கிறார்கள். இந்தப் படிவம் திங்கட்கிழமை அவர்கள் மேசைக்குப் போகும். என் பெயரை அவர்கள் இதுவரை தலைவர் என்ற இடத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பேத்தி பேனாவை மூடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுது,” என்றேன்.

இரண்டு முதலெழுத்துகளோடும் முழுப்பெயரைச் சொன்னேன். அவள் நிதானமாக எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“எம்.ஏ.வும் போடணுமா, தாத்தா?”

“வேண்டாம்.”

அவள் கையொப்பமிட்டு, படிவத்தை நடுவரிடம் கொடுத்து, அவர் கையைக் குலுக்கினாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். வியர்வையில் என் சட்டை நனைந்தது.

“அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. வாங்க. ஆனா கடைசி வரிசை.”

கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன்.