வெள்ளிக் குப்பியும் ஞானம்மா அக்காவின் விரலும்

ஆராய்ச்சி என்றால் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான். ஆய்வகத்தில் காலம் தள்ளுகிற உங்களுக்கும் தெரியும். கடல்பாசிச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்வது என் வேலை. இதில் முதல் சம்பவம் நான் கண்டதல்ல, ஆய்வகச் சீனியர் ஒருவர் சொல்லிக் கேட்டது.

முன்பு நடந்ததாம்

எங்களுக்குத் தங்கச்சிமடத்துக் கடலில் பாசி எடுத்துத் தருபவர் ஞானம்மா அக்கா. ஒருமுறை பாறை கிழித்து அவருக்கு விரலில் புண். எனக்கு முன்னால் இங்கே படித்த ஓர் அண்ணன் மனசு கேட்காமல், வெள்ளித் துகள் கரைசல் வைத்திருந்த தன் குப்பிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டாராம். மூன்றே நாளில் ஆறிவிட்டதாம். அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாராம்: "அது மருந்தில்ல, மாதாவே தொட்டுக் குடுத்த தண்ணி."

மோராய்ப் போனது

பாசிச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால் டீ நிறம் வர வேண்டும். துகள் உருவானதற்கு அதுதான் அடையாளம். எனக்கு மூன்று முறையும் மோர்போல வெள்ளையாகத் திரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அய்யா வயலிலிருந்து போன் செய்தால் எடுக்கவே பயந்தேன்.

பாசி வாங்கப் போன இடத்தில் அக்காவிடம் புலம்பினேன். "எத்தன தண்ணியில அலசுன?" என்றார். "ரெண்டுக்கா." வெள்ளியைத் திரிய வைத்தது பாசியில் ஒட்டியிருந்த உப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா சிரித்தார்: "பொறந்ததுலருந்து கடல்ல கெடந்தது தாயி, ரெண்டு தண்ணியில விட்டுருமா? ஆறு தண்ணி ஊத்து." ஊற்றினேன்; அடுத்த முறை டீ நிறம் வந்தது.

குப்பி கேட்டது

போன மாதம் அக்காவின் கட்டைவிரல் துணிச்சுற்றுக்குள் வீங்கிச் சிவந்திருந்தது. கடலில் இறங்க முடியவில்லை. "அந்தத் தம்பி குடுத்த தண்ணி இருந்தாக் குடு" என்றார். என் பையில் குப்பி இருந்தது. தட்டில் வளர்த்த கிருமிகளை அது கொல்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தட்டு வேறு, விரல் வேறு. மனிதர்மேல் நாங்கள் சோதித்ததே இல்லை.

"தர மாட்டேன்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாரேன்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டார். டாக்டர் கீறிச் சீழ் எடுத்தார். இன்னும் தாமதித்திருந்தால் விரலுக்கே ஆபத்து என்றார். வெளியே வந்ததும் கட்டுப் போட்ட கையால் அக்கா என் கையைப் பிடித்தார்: "புண்ணு எனக்கு, பயம் ஒனக்கா? வா, டீ குடிச்சிட்டுப் போவோம்."

பிறகு அந்த அண்ணனின் பழைய நோட்டைத் தேடிப் பார்த்தேன்: 'அக்காவிடம் கொடுத்தது' என்று குறித்திருந்த ஏழாம் குப்பியில் வெள்ளியே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வெறும் காய்ச்சி வடித்த நீர்தான், இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று பாசிக்கு ஆறு தண்ணி ஊற்றியபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.