நான் அளந்த உதடுகள்

ஓய்வு பெற்ற பின்னரும் வாரம் இருமுறை மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்தேறிச் சிதம்பரத்துக்குச் சென்றுவந்தேன். அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் கௌரவப் பேராசிரியராக இருந்தேன். தாடை அறுவைக்குத் திட்டமிடும்போது உதடு, கன்னம் போன்ற மென்திசுக்களின் அளவுக்கு அத்துறையினர் நான் தயாரித்த அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் பல ஆண்டுகளாக என் கையால், காலிப்பர் என்னும் அளவுக்கவையால் எடுத்தது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னர் நேர்ந்ததை விளக்க இது தேவை.

துறைத்தலைவராக வந்த பெண் மருத்துவர் மூன்று முறைகளை ஒப்பிட முனைந்தார்: என் காலிப்பர், சாதாரணப் புகைப்படம், புதிதாக வாங்கிய முப்பரிமாணக் கேமரா. கல்லூரி ஊழியர்களின் முகங்களை அளந்தோம். புகைப்படமும் கேமராவும் ஒத்துப்போயின. உதட்டு உயரத்தில் என் அளவு மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. அறுவை மேசையில் அது சிறிய வேறுபாடன்று.

பிழை கேமராவுடையது என்று கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அன்று மூன்று மணிக்கு ஆய்வுக்குழு கூடவிருந்தது. குழு என்னை ஏற்றால் அட்டவணை நிலைக்கும். கேமராவை ஏற்றால் அட்டவணையோடு என் பெயரும் போகும்.

இரண்டு மணிக்குத் துறைத்தலைவர் இன்னொரு சோதனை கேட்டார். மறுக்கக் காரணமில்லை. பல்லாண்டுகளாக எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவரை நாற்காலியில் அமர்த்தினோம். நான் காலிப்பரோடு குனிந்து அளந்தேன். நான் சற்று நகர்ந்த கணமே கேமரா படமெடுத்தது. பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லி மீண்டும் எடுத்தார்கள்.

திரையில் இரண்டு படங்கள். நான் வெளியே நின்றபோது எடுத்ததில் உதடுகள் இயல்பாக இருந்தன. மற்றதில் மெல்லிய கோடாக இறுகியிருந்தன. இறுகிய படத்தில் கேமரா காட்டிய எண்ணும் என் காலிப்பர் காட்டிய எண்ணும் ஒன்றே.

ஏன் இறுக்கினீர் என்று கேட்டேன். உதவியாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க கிட்ட வந்தா வாய் தன்னால இறுகிக்குது சார். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்குந்தான். உங்க முன்னாடி எப்பிடி சார் வாயத் தளர்த்திட்டு ஒக்கார்றது?"

மீண்டும் அமரச் சொல்லி, தளர்த்தும்படி கட்டளையிட்டேன். மேலும் இறுகியது.

"உங்களப் பாத்தா அவரு மூச்சே விடமாட்டாரு," என்றார் துறைத்தலைவர். "உதட்டையா விடப்போறாரு?"

யாரும் சிரிக்கவில்லை. மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. நடைவழியில் துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"காலிப்பர் பழசாயிடுச்சி, தேஞ்சிபோச்சின்னு போட்டுடலாம் சார். யாரும் கேக்க மாட்டாங்க."

அது இரக்கம் என்பது எனக்குப் புரிந்தது, அதுவே சுட்டது. ஆயினும் அதை ஏற்றுக்கொள்ளும் எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுதினால் பொய்யாகும்.

குழுவின் முன் கடிதத்தை நான் எடுக்கவில்லை. கேமராவில் பிழையில்லை, காலிப்பரிலும் பிழையில்லை என்றேன். அளப்பவருக்கு அஞ்சி இறுகிய முகங்களைத் தளர்ந்த முகங்களாகப் பதிவுசெய்தவன் நானே. உதட்டு அளவுகளை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும் என்றேன்.

குழு உறுப்பினர் ஒருவர் பேனாவை எடுத்து, எந்தெந்த ஆண்டு அளவுகளை என்று கேட்டார்.

"எல்லா ஆண்டும்," என்றேன்.